வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? ஸ்டாட்டிக் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பார்ட்ஸ் எல்லாம் வாங்கி மேஜைமேல் அடுக்கிய பிறகுதான் பலருக்கும் இந்தப் பயம் வருகிறது. "தொட்டாலே போய்விடுமாமே?" என்று ஒருவர், "அதெல்லாம் சும்மா கட்டுக்கதை" என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்துவிட்டேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வரும் சிக்கலான கேள்விகள் எளிதாகப் புரியும்.

முதல்ல, இந்த ஸ்டாட்டிக்னா என்ன? கரண்ட் ஷாக்கும் இதுவும் ஒண்ணா?

இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொஞ்சம் எலக்ட்ரான்கள் தாவிவிடும். போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி நிற்கும் அந்த மின்னூட்டம்தான் ஸ்டாட்டிக், அதாவது நிலைமின்சாரம். செருப்பு தரையில் உரசும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும், ஸ்வெட்டரைக் கழற்றும்போதும் இது நம் உடம்பில் சேருகிறது.

வீட்டு கரண்ட் விடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும், அதனால் ஆளைக் கொல்லும். ஸ்டாட்டிக்கில் வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் தேங்கியிருக்கும் மின்னூட்டம் மிகக் கொஞ்சம். 3,000 வோல்ட் ஏறிய உடம்பில் உள்ள ஆற்றல் ஒரு மில்லிஜூல்கூட வராது. ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்குக்குள் அது பாய்ந்து தீர்ந்துவிடும். நமக்கு அது ஒரு சுருக். ஆனால் சிப்புக்குள் இருக்கும் சில நானோமீட்டர் தடிமனான காப்புப் படலத்துக்கு அது பெரிய அடி.

எனக்கு ஷாக் எதுவும் அடிக்கலையே. அப்படின்னா பிரச்சினை இல்லைதானே?

இந்த விஷயத்தில் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். விரல் நுனியில் சுருக்கென்று உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே பாய்ந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பாதுகாப்பு இல்லாத சில சிப்புகள் நூறு, இருநூறு வோல்ட்டிலேயே அடி வாங்கக்கூடியவை. ஆக, நமக்குத் தெரியாத அளவுக்கும் பொருளைக் கெடுக்கும் அளவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. ஷாக் அடிக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆயிரம் பேர் வெறுங்கையால அசெம்பிள் பண்றாங்க, ஒண்ணும் ஆகலையே? எல்லாம் சும்மா பயமுறுத்தலா?

பயமுறுத்தல் கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். இப்போது வரும் சிப்புகளின் ஒவ்வொரு காலிலும் ஸ்டாட்டிக்கை ஓரமாகத் திருப்பிவிட டயோடுகள் போன்ற பாதுகாப்புச் சுற்று உள்ளேயே இருக்கிறது. தனிச் சிப்பைவிட போர்டில் சால்டர் செய்யப்பட்ட சிப் சில சமயம் இன்னும் கொஞ்சம் தாங்கும். நாம் வீட்டில் கையாளுவதில் பிராசஸர் நீங்கலாக மற்றதெல்லாம் போர்டுகள்தான்.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் ஓர் அளவு உண்டு. காற்றின் வறட்சி, தரை, துணி, தொட்ட இடம் என்று பல விஷயங்கள் ஒன்றுகூடினால்தான் சேதம் வரும். அதனால்தான் பலர் தப்பிக்கிறார்கள். தப்பிப்பதற்கு ஆகும் செலவு ஒரு முறை இரும்பைத் தொடுவது மட்டும்தான் என்னும்போது, அதை ஏன் அதிர்ஷ்டத்துக்கு விடவேண்டும்?

எந்த பார்ட்டுக்கு ரொம்பக் கவனம் வேணும்?

ராம், பிராசஸர், எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேராகச் சொருகும் சின்னச் சேமிப்பு அட்டை), மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு இவையெல்லாம் ஒரே வரிசை. எதையும் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். தங்க நிறத்தில் பளபளக்கும் தொடுமுனைகள், வெளியே தெரியும் சிப்பின் கால்கள், கனெக்டருக்குள் இருக்கும் ஊசிகள், இவற்றில் விரல் படவேண்டாம். விரல் ரேகையின் எண்ணெய்ப்பசை ஒட்டாமல் இருக்கவும் இது உதவும்.

பவர் சப்ளை, ஃபேன், பிராசஸருக்கு மேல் வந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க், எல்லாவற்றையும் உள்ளே மாட்டும் இரும்புப் பெட்டியான கேபினெட் ஆகியவற்றுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

சரி, எதுவும் வாங்காம குறைஞ்சபட்சம் என்ன செஞ்சா போதும்?

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். உடம்பில் மின்னூட்டம் இருப்பது தனியாக ஒரு கேடு இல்லை. உங்களுக்கும் பொருளுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால்தான் பாயும். மட்டம் வேறான இரண்டு தண்ணீர்த் தொட்டிகளைக் குழாயால் இணைத்தால்தானே தண்ணீர் ஓடும்? இரண்டும் ஒரே மட்டம் என்றால் குழாய் இருந்தும் ஓட்டம் இல்லை. நீங்கள், கேபினெட், பார்ட் மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் மொத்த வேலையும்.

அதற்கு, பார்ட்டைத் தொடுவதற்கு முன் கேபினெட்டின் பெயிண்ட் அடிக்காத இரும்பைத் தொடுங்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் பளபள கருப்புப் பக்கவாட்டைத் தொட்டால் பயனில்லை. பின்பக்கம் கார்டு மாட்டும் இடத்தில் ஸ்க்ரூ உட்காரும் விளிம்பு, பவர் சப்ளையின் ஸ்க்ரூ தலை, இவை நல்ல இடங்கள். எழுந்து நடந்துவிட்டு வந்தால் மறுபடியும் தொடவேண்டும். புதுப் பார்ட்டைக் கவரோடு ஒரு கையில் பிடித்து, மறு கையால் கேபினெட்டைத் தொட்டுவிட்டு, அப்புறம் கவரைப் பிரியுங்கள். இன்னொருவர் கையில் பார்ட்டைக் கொடுக்கிறீர்களா? முதலில் அவர் கையைத் தொட்டுவிட்டுக் கொடுங்கள்.

ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டாயம் வாங்கணுமா?

ரிஸ்ட் ஸ்ட்ராப் என்பது மணிக்கட்டில் கட்டி, அதன் ஒயர் முனையில் இருக்கும் கிளிப்பைக் கேபினெட்டில் மாட்டும் பட்டை. கட்டாயம் என்று சொல்லமாட்டேன். மேலே சொன்ன தொடும் பழக்கத்தை ஒழுங்காகச் செய்தால் ஒருமுறை அசெம்பிள் செய்ய அது போதும். சிக்கல் என்னவென்றால், வேலை மும்முரத்தில் தொட மறந்துவிடும். ஸ்ட்ராப் நமக்காக விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கம்பளம் விரித்த அறை, வறண்ட காற்று, அடிக்கடி பார்ட்ஸ் மாற்றும் பழக்கம் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் வாங்குங்கள்.

கட்டும்போது உள்பக்கம் இருக்கும் உலோகத் தகடு தோலில் இறுக்கமாகப் படவேண்டும். முழுக்கைச் சட்டைக்கு மேல் கட்டினால் அது வெறும் அலங்காரம். தோல் ரொம்ப வறண்டிருந்தால் கட்டும் இடத்தில் லேசாகத் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொள்ளலாம்.

ஸ்ட்ராப்போட கிளிப்பை எங்க மாட்டணும்? சுவர் சாக்கெட்ல எர்த் ஓட்டையில ஒயரைச் சொருகலாமா?

சொருகவே கூடாது. ஓட்டை மாறினால் உயிருக்கு ஆபத்து, அந்தச் சாக்கெட்டில் ஒயரிங் மாறியிருந்தாலும் அப்படித்தான். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எர்த்துக்கு மட்டும் இணைப்புத் தரும் தனிப் பிளக் கிடைக்கும், வேண்டுமென்றால் அதை வாங்குங்கள். கையால் ஒயர் முறுக்கிச் செய்யும் வேலை வேண்டாம்.

வீட்டு வேலைக்குக் கிளிப்பைக் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பில் கடிக்கவைத்தால் போதும். நீங்களும் கேபினெட்டும் ஒரே மட்டம் ஆகிவிடுகிறீர்கள், நமக்கு வேண்டியதும் அதுதான். மதர்போர்டில் இருக்கும் ஏதாவது ஒரு காலில் கிளிப்பை மாட்டாதீர்கள்.

ஸ்ட்ராப் கட்டினா நானே எர்த் ஆயிடுவேனே. தப்பித்தவறி லைவ் ஒயரைத் தொட்டா?

நல்ல கேள்வி. இதற்காகத்தான் தரமான ஸ்ட்ராப்பின் ஒயரில் கரண்டைக் குறைக்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று உள்ளே வைத்திருக்கிறார்கள். 230 வோல்ட் லைவைத் தொட்டாலும் ஸ்ட்ராப் வழியாக 0.23 மில்லி ஆம்பியர்தான் போகும். ஸ்டாட்டிக் வடிய அந்த வழி தாராளம், ஆளைக் கொல்ல அது போதாது.

மல்டிமீட்டர் இருந்தால் தகட்டில் ஒரு முனை, கிளிப்பில் ஒரு முனை வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓம் பக்கத்தில் காட்டவேண்டும். பூஜ்யம் காட்டினால் ரெசிஸ்டர் இல்லாத வெறும் ஒயர், அதைத் தூக்கிப் போடுங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. இருந்தாலும் இந்த ரெசிஸ்டரை நம்பி, கரண்ட் ஓடும் மெஷினில் ஸ்ட்ராப்போடு கை வைக்காதீர்கள். ஸ்ட்ராப்பைத் தவிர உங்கள் கால், மறு கை என்று வேறு வழிகளும் கரண்டுக்கு உண்டு.

ஒயரே இல்லாத ஸ்ட்ராப் விக்கிறாங்களே, அது வசதியா இருக்கே?

வசதிதான், வேலை செய்யாது. மட்டத்தைச் சமமாக்க ஏதாவது ஒரு இணைப்பு வேண்டும். அது இல்லாமல் கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டால் மின்னூட்டம் எங்கே போகும்? அந்தக் காசுக்கு ஒயர் உள்ளதை வாங்குங்கள்.

பவர் ஒயரைப் பிளக்கில் வச்சுக்கிட்டு வேலை செய்யணுமா, கழற்றிடணுமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது. மூன்று பின் பிளக்கைச் சொருகி, பவர் சப்ளையின் பின்பக்க ஸ்விட்சை மட்டும் அணைத்தால், எர்த் ஒயர் அப்படியே இணைந்திருக்கும். ஸ்விட்ச் எர்த்தைத் துண்டிப்பதில்லை. கேபினெட் வழியாக நீங்களும் எர்த் ஆகலாம். பிளக்கில் வைக்கச் சொல்பவர்களின் வாதம் இது.

மறுபக்கம், அந்த ஸ்விட்சை அணைக்க மறந்தால் கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டேண்ட்பை கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ராமையோ கார்டையோ பிடுங்கிச் சொருகினால் ஸ்டாட்டிக்கே இல்லாமல் பார்ட் போகலாம். சில பவர் சப்ளைகளில் பின்பக்க ஸ்விட்சே இருக்காது. எர்த் சரியில்லாத சாக்கெட் என்றால் வேறு தலைவலி, அது அடுத்தடுத்த கேள்விகளில் வருகிறது.

என் கருத்து, கழற்றிவிடுங்கள். ஒரே மட்டத்துக்கு வருவதற்குக் கேபினெட் போதும், பூமிவரை போகவேண்டிய அவசியம் இல்லை. பிளக்கில் வைத்துக் கிடைக்கும் லாபத்தைவிட மறதியால் வரும் நஷ்டம் பெரிது. அப்படியும் எர்த் வேண்டும் என்றால், கேபினெட்டைப் பிளக்கில் வைத்து ஸ்விட்சை அணைத்து, மதர்போர்டில் எரியும் சின்ன விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பவர் ஒயரைக் கழற்றிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்றாங்களே, அது ஸ்டாட்டிக் போறதுக்கா?

இல்லை. அது பவர் சப்ளைக்குள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் சார்ஜை வடிப்பதற்கு. சில சமயம் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நிற்பதைப் பார்க்கலாம். நல்ல பழக்கம்தான், செய்யுங்கள். உங்கள் உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பட்டனே பிளாஸ்டிக்தானே!

இன்னொன்று, இப்படி வடித்துவிட்டோம் என்று நம்பிப் பவர் சப்ளையின் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவுக்கு மிச்சம் இருக்கலாம்.

கேபினெட்டைத் தொட்டா விர்ருனு ஒரு நடுக்கம் வருது. இதுதானே ஸ்டாட்டிக்?

இல்லை, இது எர்த் கோளாறு. ஸ்டாட்டிக் ஒரு முறை சுருக்கென்று அடித்துவிட்டு முடிந்துபோகும், உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இருக்காது. தொடும்போதெல்லாம் விர்ரென்று வந்தால் அது வீட்டு கரண்ட். விரலின் பின்பக்கத்தால் கேபினெட்டின் வெற்று இரும்பை லேசாகத் தடவிப் பார்த்தால், வழவழப்பான தகடு ஏதோ சொரசொரப்பாக அதிர்வதுபோல இருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும்.

காரணம் இது. பவர் சப்ளையின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட, லைவிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்று என்று இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் இரண்டுக்கும் நடுவில், அதாவது 230 வோல்ட் லைனில் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் பெரிய ஷாக் இல்லை, விர்ரென்ற நடுக்கம் மட்டும்.

இதைச் சரிசெய்யாமல் ஸ்டாட்டிக் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை. மிதக்கும் கேபினெட்டில் இருந்து கிளம்பும் எச்டிஎம்ஐ கேபிளை வேறு இடத்தில் எர்த் ஆன டிவியில் சொருகும்போது அந்த வித்தியாசம் போர்ட் வழியாகத்தான் பாயும், போர்ட் செத்துப்போக வாய்ப்பு உண்டு. மூன்று பின்னை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தால் முதலில் அதை எடுங்கள். எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதே கதைதான். அப்புறமும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்க வீட்ல எர்த்தே கிடையாது. அப்ப நான் அசெம்பிள் பண்ணவே கூடாதா?

அசெம்பிள் செய்ய எர்த் தேவையில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டால் அந்த விர்ர் சமாச்சாரமும் நின்றுவிடும். அப்புறம் கேபினெட்டும் நீங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும் என்பதை மேலேயே பார்த்தோம். வேலையைத் தொடங்குமுன் ஜன்னலின் இரும்புக் கம்பியையோ, இரும்புக் குழாயில் இருக்கும் உலோகத் தண்ணீர்க் குழாய்த் தலையையோ தொட்டுவிட்டு வரலாம். பிவிசி குழாயில் மாட்டிய குழாய்த் தலையை அவ்வளவாக நம்ப முடியாது.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு எர்த் வேண்டும். அதை ஒத்திப்போடாதீர்கள்.

மதர்போர்டு வந்த வெள்ளிக் கவர் மேலயே போர்டை வச்சு டெஸ்ட் பண்ணலாமா?

வேலை செய்யும்போது சும்மா வைத்திருக்கலாம், கரண்ட் கொடுத்து டெஸ்ட் செய்ய வேண்டாம். கரண்ட் கொடுப்பதென்றால் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டிதான் சிறந்த மேடை. அட்டை மின்சாரத்தைக் கடத்தாது, பிளாஸ்டிக் அளவுக்கு ஸ்டாட்டிக்கையும் சேர்க்காது.

பளபள வெள்ளிக் கவரில் உலோகப் படலம் பெரும்பாலும் இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும். வெளிப்புறம் மிக மெதுவாகக் கடத்தும் பூச்சு. அதனால் அநேகம் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் போர்டின் பின்பக்கம் சால்டர் செய்த கால்கள் ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். அவை மேல் அடுக்கைக் குத்திக் கிழித்து உலோகத்தைத் தொட்டால் ஷார்ட். அட்டைப்பெட்டி கையிலேயே இருக்கும்போது இந்த விஷப்பரீட்சை எதற்கு?

இந்தக் கவர்ல பிங்க், வெள்ளி, கருப்புன்னு வருதே, எல்லாம் ஒண்ணுதானா?

ஒன்றில்லை. பிங்க் கவர் தானாக ஸ்டாட்டிக்கை உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து பாய்வதை அது தடுக்காது. ஸ்க்ரூ, கேபிள் மாதிரியான பொருள்களுக்குச் சரி. வெள்ளிக் கவருக்குள் இருக்கும் உலோகப் படலம் பொருளைச் சுற்றி ஒரு கூண்டு மாதிரி நின்று வெளியே பாய்வதை வெளியிலேயே ஓடவைக்கும். ராமும் கார்டும் இதில் வருவது அதனால்தான். வாயைத் திறந்து வைத்தாலும், ஓட்டை விழுந்தாலும், கசங்கி மடிப்பு வெடித்தாலும் கூண்டு போச்சு.

கருப்புக் கவரில் கார்பன் கலந்திருக்கும், அது நன்றாகவே கடத்தும். பேட்டரி உள்ள போர்டை அதில் நாள்கணக்கில் வைத்தால் பேட்டரி வடியலாம். அதன்மேல் வைத்துக் கரண்ட் கொடுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பழைய கவர்களை எறியாதீர்கள், பழைய ராமைச் சமையலறை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மழை நாள்ல ஸ்டாட்டிக் இருக்காதுன்னு சொல்றாங்க, நிஜமா?

பாதி நிஜம். காற்றில் ஈரம் இருந்தால் பொருள்களின் மேல் மெல்லிய ஈரப்படலம் படிந்து மின்னூட்டம் வடிய வழி கிடைக்கும். ஸ்டாட்டிக் கையேடுகளில் தவறாமல் வரும் ஒரு கணக்கு உண்டு. கம்பளத்தின்மேல் நடந்தால், ஈரப்பதம் 10-20 சதவீதமாக இருக்கையில் 35,000 வோல்ட் வரை ஏறும், 65-90 சதவீதமாக இருக்கையில் 1,500 வோல்ட். வினைல் தரையில் அதே நடை முறையே 12,000, 250.

நன்றாகக் குறைகிறது. ஆனால் நூறு, இருநூறு வோல்ட்டில் போகக்கூடிய சிப்பும் உண்டு என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள், 250கூட பூஜ்யம் இல்லை. ஏசி போட்ட அறையில் வெளியே மழை பெய்தாலும் உள்ளே காற்று வறண்டிருக்கும். 40-60 சதவீத ஈரப்பதம் வேலைக்கு வசதி. அதற்காகத் தண்ணீர் தெளித்துவிட்டு அசெம்பிள் செய்ய உட்காராதீர்கள்.

என்ன டிரெஸ் போடணும்? செருப்பு போடலாமா, வெறுங்காலா?

பருத்தி நல்லது, பாலியெஸ்டரும் கம்பளித் துணியும் வேண்டாம். சட்டைக் கையை மடித்துவிடுங்கள், துணி போர்டில் உரசக்கூடாது. துப்பட்டா, புடவைத் தலைப்பு என்றால் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். டைல்ஸ், சிமெண்ட் தரையில் வெறுங்கால் நல்லது. ரப்பர் செருப்பு உங்களைத் தரையிலிருந்து பிரித்துவைக்கும், சேர்ந்த மின்னூட்டம் வடியாது. பூனை மடியில் வந்து உட்கார்ந்தால் இறக்கிவிட்டுவிட்டு மறுபடி கேபினெட்டைத் தொடுங்கள்.

கையுறை போட்டுக்கிட்டா எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடும்ல?

வீட்டில் இருக்கும் ரப்பர், பிளாஸ்டிக் கையுறை பிரச்சினையைக் கூட்டும். அதுவே உரசி மின்னூட்டம் சேர்க்கும், நீங்கள் இரும்பைத் தொட்டாலும் கையுறையின் வெளிப்பக்கத்தில் இருப்பது வடியாது. போதாததற்கு விரலுக்கு நிதானமும் போய்விடும். கழுவித் துடைத்த வெறுங்கை போதும்.

ஆன்டி ஸ்டாட்டிக் மேட் இல்லை. சமையலறை அலுமினிய ஃபாயிலை விரிச்சா அதே வேலை செய்யும்ல?

செய்யாது. மேட்டின் சிறப்பே அது மெதுவாகக் கடத்துவதுதான், அதனால் மின்னூட்டம் பதமாக வடியும். ஃபாயில் சட்டென்று கடத்தும். மின்னூட்டம் ஏறிய போர்டை அதன்மேல் வைத்தால் வைத்த நொடியில் மொத்தமும் பாய்ந்து இறங்கும், நாம் தவிர்க்க நினைத்தது அதைத்தான். மதர்போர்டின் பட்டன் பேட்டரியும் பின்பக்கக் கால்கள் வழியாக ஷார்ட் ஆகும். மர மேஜை, அதன்மேல் அட்டைப்பெட்டி என்பது வீட்டுக்குத் தாராளம். மேட் வாங்கினால் அதன் ஒயரைக் கேபினெட்டிலோ எர்த்திலோ இணைக்க மறக்காதீர்கள், சும்மா விரித்த மேட் அரைகுறை வேலைதான் செய்யும்.

நான் எதையும் தொடலை, ஸ்ட்ராப்பும் கட்டியிருக்கேன். அப்பவும் பார்ட் போகுமா?

போகலாம், இதைப் பலர் யோசிப்பதில்லை. ஸ்ட்ராப் உங்கள் உடம்பில் இருப்பதை வடிக்கும். பக்கத்தில் கிடக்கும் தெர்மாகோல், குமிழ் கவர், பாலித்தீன், செல்லோடேப் இவற்றில் இருப்பதை வடிக்காது. இவை கடத்தாத பொருள்கள், எர்த் செய்தாலும் மின்னூட்டம் அங்கேயே இருக்கும். இவற்றின் பக்கத்தில் போர்டு இருந்தால், தொடாமலேயே போர்டில் உள்ள மின்னூட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த நேரத்தில் போர்டு ஏதாவது இரும்பைத் தொட்டால் அங்கே பாயும்.

தீர்வு எளிது. பெட்டிகளைப் பிரித்ததும் தெர்மாகோலையும் கவர்களையும் வேறு அறைக்குக் கொண்டுபோங்கள், குறைந்தது ஓர் அடிக்கு அப்பால் வையுங்கள். டேப் உரிப்பதும் இதே ரகம். எம்.2 ஹீட்சிங்கின் பிசின் பட்டையில் இருக்கும் பிலிம், கிராபிக்ஸ் கார்டின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாள், இவற்றைச் சர்ரென்று இழுக்காமல் மெதுவாக உரியுங்கள். முடிந்தால் ஹீட்சிங்கின் பிலிமை எஸ்எஸ்டியில் வைப்பதற்கு முன், தள்ளிப் பிடித்து உரித்துவிடுங்கள்.

தூசு தட்ட வாக்குவம் கிளீனர் வைக்கலாமா?

உள்ளே வேண்டாம். பிளாஸ்டிக் மூக்கின் வழியே தூசும் காற்றும் வேகமாக ஓடும்போது அந்த மூக்கில் மின்னூட்டம் ஏறும், அதை நேராகப் போர்டில் வைப்போம். ஊதும் பிளோவர் அல்லது காற்று டப்பா, கூடவே ஒரு மிருதுவான பிரஷ் போதும். ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுமீறிச் சுற்றினால் பேரிங் கெடும். கேபினெட்டுக்கு வெளியே விழுந்த தூசுக்கு வாக்குவத்தைத் தாராளமாகப் போடுங்கள்.

லேப்டாப்ல ராம் மட்டும் மாத்தப்போறேன், அதுக்கும் இதெல்லாமா?

அதே விதிகள்தான், தொடுவதற்குப் பெரிய இரும்புக் கேபினெட் இல்லை என்பது மட்டும் வித்தியாசம். சார்ஜரைக் கழற்றுங்கள், முழுக்க அணையுங்கள், அடிமூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். பேட்டரி இணைந்திருக்கும் வரை போர்டில் கரண்ட் இருக்கிறது, ஸ்டாட்டிக்கைவிட அதுதான் பெரிய எதிரி. அப்புறம் உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தையோ எச்டிஎம்ஐ போர்ட்டின் உலோக ஓரத்தையோ தொட்டுவிட்டு ராமை எடுங்கள்.

எல்லாம் மூடியாச்சு. யுஎஸ்பி சொருகும்போது சுருக்னு அடிச்சு கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆச்சு. போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. முழுதாக மூடிய சாதனங்களை ஆயிரக்கணக்கான வோல்ட் ஸ்டாட்டிக் அடித்தே சோதிக்கிறார்கள். அதற்கென்றே ஐஇசி 61000-4-2 என்ற தரநிர்ணயம் இருக்கிறது, அதன் நான்காவது நிலையில் தொட்டு அடிப்பது 8,000 வோல்ட், காற்றுவழி பாயவிடுவது 15,000 வோல்ட். பாய்ந்தது கேபினெட் வழியாக ஓடும்போது சிக்னல் குழம்பி ரீஸ்டார்ட் ஆகலாம்.

அடிக்கடி இப்படி நடந்தால் எர்த்தைப் பாருங்கள். கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி கேபிள் மதர்போர்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உட்காரும் நாற்காலியும் சந்தேகத்துக்கு உரியதே, பிளாஸ்டிக் சக்கரமும் செயற்கைத் துணியும் சேர்ந்தால் ஒவ்வொரு முறை எழும்போதும் சார்ஜ் ஏறும்.

அசெம்பிள் பண்ணேன், ஆன் ஆகலை. ஸ்டாட்டிக்ல போயிருக்குமோ?

கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது அது. முதலில் ராமை எடுத்து, டக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். சத்தம் வராமல் பாதியில் நிற்பதுதான் மிகச் சாதாரணமான காரணம். பிராசஸருக்கு மேல் மூலையில் வரும் 8 பின் பவர் கேபிள் மாட்டியிருக்கிறதா? மதர்போர்டின் 24 பின் பவர் கேபிள் முழுக்க உள்ளே போயிருக்கிறதா? மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டியிருக்கிறீர்களா? பவர் சப்ளையின் பின்பக்க ஸ்விட்ச்? முன்பக்கப் பவர் பட்டனின் சின்ன ஒயர் சரியான காலில் இருக்கிறதா?

இதெல்லாம் சரி என்றால் ஒரே ஒரு ராம், பிராசஸர், மதர்போர்டு, பவர் சப்ளை மட்டும் வைத்து அட்டைப்பெட்டிமேல் ஓட்டிப் பாருங்கள். பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை என்றால் கார்டும் வேண்டும். பிராசஸரின் ஹீட்சிங்கை மாட்டாமல் ஓட்டாதீர்கள்.

இன்னிக்கு நல்லா ஓடுது. ஸ்டாட்டிக் அடிச்சிருந்தா பின்னாடி போகுமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்டாட்டிக் அடியில் இரண்டு வகை. ஒன்றில் பார்ட் அங்கேயே சாகும். இன்னொன்றில் காப்புப் படலம் பலவீனப்பட்டு, ஆனால் வேலை செய்துகொண்டே இருந்து, வெப்பமும் பயன்பாடும் சேரச் சேரப் பின்னால் விழும். இடையிடையே ஹேங் ஆவது, ராமில் பிழை காட்டுவது, ஒரு போர்ட் மட்டும் வேலை செய்யாமல் போவது என்று அது தலைகாட்டலாம். ஆனால் இதே அறிகுறிகள் சூடு, மட்டமான பவர் சப்ளை, தளர்ந்த கேபிள் எல்லாவற்றுக்கும் வரும்.

வெளியே பார்த்துத் தெரியாது. கருகல், வாசம், கறை எதுவும் இருக்காது. ஆய்வுக்கூடங்களில் சிப்பின் மூடியைக் கரைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்துத்தான் அந்தச் சின்ன ஓட்டையைத் தேடுகிறார்கள். வீட்டில் செய்யக்கூடியது, ராமை ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் போன்ற சோதனையில் ஓடவிடுவது. பிழை வந்தால் ராம்களை ஒவ்வொன்றாக, ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிழை ராமோடு சேர்ந்து நகர்ந்தால் ராம், ஸ்லாட்டிலேயே நின்றால் மதர்போர்டு அல்லது பிராசஸர். மாற்றும்போது ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிக் கேபினெட்டைத் தொட்டுவிட்டு.